வெல்டிங் பட்டறைக்காரர் கெடுத்த பாட்டு

6 பிப்ரவரி 1994

கம்பி அண்ணாவுக்கு,

உறையின் பின்பக்கம் எங்கள் முகவரியைப் பார்த்த பிறகும் பிரித்துவிட்டீர்கள். அதற்கே நன்றி. நான் வால், சைரனின் தங்கை. நீங்கள் நாலு பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் பாட்டு ஒத்திகை பார்த்த காலத்தில் "இவள முதல்ல உள்ள அனுப்புடா" என்று அதிகம் சொன்னது நீங்கள்தான். நான் ஒரு நாளும் போனதில்லை. மேடைக்கு ஒரே மாதிரி சட்டை வேண்டும் என்றீர்களே, ஒரே வாளிச் சாயத்தில் நாலு வெள்ளைச் சட்டையை முக்கி எடுத்தேன், நாலும் நாலு நீலமாக வந்தன. அந்தக் கைராசி இன்னும் அப்படியே இருக்கிறது.

தகரம் அண்ணா இப்போதும் முடிதிருத்தும் கடைதான் வைத்திருக்கிறார். அன்று பிஸ்கட் டப்பாவில் டிரம்ஸ் பழகியவர், இன்று வாடிக்கையாளர் மண்டையில் பழகுகிறார். உங்கள் பேஸ் கிட்டார் தூண் இருக்கிறாரே, அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அலமாரிக் கதவை அறுத்துத் தானே பேஸ் கிட்டார் செய்துகொண்ட தச்சர், பெண் கேட்பதற்கும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் எனக்கென்று ஓர் அலமாரி செய்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார். நானாகப் புரிந்துகொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. மார்ச் 25 அன்று குரல்வளையை எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு குரல் கிடையாது. அவர் வேலை பார்க்கிற அச்சகத்தில் நாலு இயந்திரம் ஓடும்போதும் வாசல்வரை கேட்ட குரல் அண்ணா, அதனால்தானே சைரன் என்று பட்டம் வைத்தீர்கள்.

அச்சகத்து ஆட்கள் மார்ச் 19ஆம் தேதி சனிக்கிழமை மாலை மன்ற ஹாலை எடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பாட்டுப் பாட மருத்துவர் சம்மதித்திருக்கிறார். எந்தப் பாட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் வெளிநாட்டு வானொலியில் வருமே, பாதி கேட்கும்போது எதிர்ப்பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் நெருப்பைப் பற்றவைப்பார், நம் பெட்டி கரகரவென்று கத்தும். இரண்டு வியாழன் கேட்டும் அந்தப் பாட்டின் நடுப்பகுதி மட்டும் நமக்குக் கிடைக்கவே இல்லை. நான் போய்க் கெஞ்சினேன். "சனிக்கிழமை இரும்பு கேட் குடுக்கணும்மா, உங்க பாட்டுக்காக நான் வேலைய நிறுத்த முடியுமா?" என்றார். நமக்கும் அதே சனிக்கிழமை மன்ற ஹாலில் நிகழ்ச்சி. ஓட்டையை நீங்களே உங்கள் கிட்டாரில் இட்டு நிரப்பினீர்கள். ஹாலில் ஒருவர்கூட உட்கார்ந்து கேட்கவில்லை, அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

இப்போது கிட்டார் இடம் காலியாக இருக்கிறது. இசைக்கருவிக் கடைப் பையன் ஒருவனைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னதற்கு அண்ணன் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சொன்னதும் இல்லை. ஆனால் வேறு யாரும் வேண்டாம் என்கிறார்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் ஃபோன் நம்பரும் கிடைத்தது. பேசினால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

வால்


15 பிப்ரவரி 1994

வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செய்தி மனதைச் சங்கடப்படுத்தியது. உன் அண்ணனால் சாப்பிட முடிகிறதா? வலி இருக்கிறதா? எழுது.

நான் வர இயலாது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இப்போது நான் மேற்பார்வையாளன். பதினான்கு கட்டடங்கள் என் பொறுப்பில் உள்ளன. விடுப்பு எடுப்பது சுலபமில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் நீ கேட்டாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் பிரிந்த அந்தப் பாட்டுப் போட்டிக்கு நீ வரவில்லை, உனக்கு அன்று காய்ச்சல்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பு அந்தப் பாட்டின் இசைத்தட்டு கடைக்கு வந்தது. நான் வேலை முடிந்து தினமும் அங்கே போய் நின்று கேட்டேன். வாங்காமல் கேட்கிறேன் என்று கடைக்காரர் முறைப்பார், அதையும் சகித்துக்கொண்டேன். விட்டுப்போன நடுப்பகுதியை ஒரு சுரம் பிசகாமல் கற்றுக்கொண்டு வந்து ஒத்திகையில் வாசித்துக் காட்டினேன். உன் அண்ணன் ஒரே பேச்சாக "வேணாம். நம்மதுதான்" என்றான். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. "நடுவர்கள் எல்லாம் அசல் கேட்டவங்க, சிரிப்பாங்கடா" என்று கெஞ்சினேன். அதற்கும் அதே "வேணாம்"தான்.

மேடையில் நான் அசலை வாசித்தேன். அவன் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். மூன்றாவது சரணம் வரவே இல்லை. தகரம் தனியாக அடித்துக்கொண்டே போய், தனக்கே வெட்கமாகி நிறுத்தினான். நிரம்பி வழிந்த அரங்கம், பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். உன் அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனான். அந்த வாரமே நான் ஊரை விட்டு வந்தேன். சரியாக வாசித்தது ஒரு குற்றமா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வார இறுதிகளில் இங்கே ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசிக்கிறேன். எல்லாம் காகிதத்தைப் பார்த்து, பிழையே இல்லாமல். தட்டிலிருந்து யாரும் தலையைத் தூக்குவதில்லை. அது இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அவன் குரல் மாதிரி இன்னொரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. இங்கே பெயர் பெற்ற பாடகர்கள் சிலரோடு வாசித்திருக்கிறேன். அவர்கள் பாடுவார்கள். அவன் பாடினால் நமக்கு முதுகெலும்பு நிமிரும்.

தூணுக்கு என் அன்பு.

கம்பி


21 பிப்ரவரி 1994

கம்பி அண்ணாவுக்கு,

பதினான்கு கட்டடங்களும் அவற்றின் லிஃப்ட்டுகளும் நலமா? இரண்டு நாள் அவரவர் படியேறிப் போனால் உடம்புக்கு நல்லதுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் வேறு ஆள் மேல். நேற்று மத்தியானம் நடந்ததைக் கேளுங்கள்.

இவர், அதான் உங்கள் தூண், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். "அவன் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றான்" என்ற இடத்தில் இவர் தலையைத் தூக்கினார்.

"ஏன்னு அவனுக்குத் தெரியாதா?"

"எது ஏன்?"

"சைரன் ஏன் வாய மூடினான்னு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பி தனியா பஸ்ல போய்ட்டான். திரும்பி வரும்போது வேன்ல எங்ககிட்ட சொன்னானே. 'ரெக்கார்டுல இருக்கிறதவிட கம்பி போட்டதுதான்டா ஒசத்தி. அதை அவனே தூக்கிக் குப்பையில போடறான். அதுக்கு நான் பாட மாட்டேன்'னான்."

"இத்தனை வருஷமா இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். கையில் கரண்டி இருந்தது. எப்படியோ பொறுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணனிடம் போனேன். உங்களுக்கு எழுதியதைச் சொல்லாமல், பழைய பேச்சு பேசுகிற மாதிரி மெல்லக் கேட்டேன். இப்போது அவருக்குக் காற்று மாதிரிதான் பேச்சு வருகிறது, பக்கத்தில் குனிந்து கேட்க வேண்டும்.

"அந்த நடுப்பகுதி நல்லாயிருக்குன்னு கம்பி அண்ணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் கிறுக்கன். நல்லாயிருக்குன்னு சொன்னா, இன்னும் நல்லா பண்றேன்னு ஒக்காந்து அதைக் கெடுத்திருப்பான். அதான் சொல்லல."

அவர் சொன்னதில் தப்பில்லை அண்ணா. உங்களைப் பாராட்டினால் நீங்கள் செய்த வேலையைப் பிரித்துப்போட்டு மறுபடி செய்வீர்கள், ஆம்ப்ளிஃபயரை அப்படித்தானே மூன்று தடவை பிரித்துப் புகைய வைத்தீர்கள். அந்தப் போட்டியில் அவர் உங்களோடு சண்டை போடவில்லை. உங்களுக்காக உங்களிடமே சண்டை போட்டிருக்கிறார்.

என் கண்ணால் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பெரிய ஊர்களிலிருந்து பளபளவென்று கருவிகளோடு எத்தனையோ குழுக்கள் மன்ற ஹாலுக்கு வந்தன. எல்லாம் வானொலியில் கேட்ட மாதிரியே வாசித்துவிட்டுப் போனார்கள். ஒன்றுகூட நினைவில் இல்லை. நீங்கள் நாலு பேரும், ஒரு அலமாரிக் கதவும், புகைகிற பெட்டியும், நாலு நீலச் சட்டையுமாக நின்றீர்கள். அடுத்த நாள் தெருவே அதைத்தான் முணுமுணுத்தது. அந்தப் பாட்டின் அசல் இசைத்தட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் "நடுவுல தப்பா இருக்கு" என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்த கதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

25ஆம் தேதிக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

வால்


1 மார்ச் 1994

வாலுக்கு,

உன் கடிதத்தை எட்டாவது மாடியில், நின்றுபோன லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். கீழே ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கத்தியது என் காதில் ஏற நேரமானது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகம் உடைந்து அசல் கைவசம் இல்லையென்றால், கிடைத்ததை வைத்துக் கட்டி ஓடவிடுவோம். அசல் வந்த அன்றே கட்டியதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். அப்படிச் செய்யாதவன் வேலைக்காரனே இல்லை. நான் போட்ட அந்த நடுப்பகுதியையும் அப்படித்தான் நினைத்தேன். அது ஒரு ஒட்டு. அதை யாராவது உயர்வாக நினைக்கக்கூடும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று எழுத வருகிறது. சொல்லியிருந்தால் நான் அதைத் திருத்த உட்கார்ந்திருப்பேன் என்பதும் உண்மை. பாவி, என்னை எனக்கு முன்னால் புரிந்துகொண்டிருக்கிறான்.

என் மனைவி உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். "லிஃப்ட்டெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க" என்கிறாள். விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் வந்துவிட்டது, இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். எனக்கு அது மறந்துபோய்விட்டது. மூன்று நாளாக வேலை முடிந்து கிட்டாரோடு உட்காருகிறேன். முதல் நாலு சுரம் வருகிறது. அதற்குமேல் கை தானாக அசலுக்குப் போய்விடுகிறது. ஹோட்டலில் இத்தனை காலம் அசலைத்தானே வாசித்தேன். ஒலிநாடா ஏதாவது யாரிடமாவது இருக்கிறதா? அப்போது பதிவு செய்கிற வசதி நமக்கு இல்லை, தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் கடைசியாகப் பாடுகிற மேடையில் ஏறி, அவன் முகத்துக்கு முன்னால் மறுபடியும் அந்த அசலையே வாசித்துவிட்டால்? அதற்கு நான் வராமல் இருப்பதே மேல்.

கம்பி


5 மார்ச் 1994

கம்பி அண்ணாவுக்கு,

ஒலிநாடா கிடையாது. தேவையும் இல்லை. ரயிலை விட்டு இறங்கினால் எங்கள் வீட்டுக்கு வராதீர்கள், நேராகத் தகரம் அண்ணா கடைக்குப் போங்கள். கிட்டாரை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள். மற்றதை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முடிந்தால் தலைமுடியையும் வெட்டிக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

வால்


22 மார்ச் 1994

வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்ததைப் பாதி வழியிலேயே தின்று தீர்த்தேன். ஹாலில் நீ முன்வரிசையில்தான் இருந்தாய், ஆனாலும் உனக்குத் தெரியாத இரண்டு இடங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலாவது, கடையில் நடந்தது. தகரம் என்னைப் பார்த்ததும் கையில் சவரக்கத்தியோடு கட்டிப்பிடித்தான். என் காது தப்பியது அவன் கைத்திறமையால்தான். "எனக்கு நடுப்பகுதி மறந்துடுச்சுடா" என்று நான் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். கத்தியை வைத்துவிட்டு, நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டு பாடிக் காட்டினான். முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் இருந்த மனிதர், "அப்படி இல்லீங்க, மேல போய்ட்டு எறங்கணும்" என்று திருத்தினார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடிக்காமலே, "மேல போய் ஒரு நிமிஷம் நிக்கணும், அப்பறம்தான் எறங்கணும்" என்றார். மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டு பாடினார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிக்கொண்டேன். என் கை அதை அடையாளம் கண்டுகொண்டபோது, வாலு, நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரைவிட்டுப் போனது நான்தான், அது இங்கேயே குடியிருந்திருக்கிறது. இடையில் வெல்டிங் பட்டறைப் பெரியவரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "நான் அன்னிக்கு அந்தக் கேட்டைப் பத்தவைக்கலைன்னா இந்தப் பாட்டு ஏதுய்யா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, மேடை. திரைக்குப் பின்னால் உன் அண்ணன் என்னைப் பார்த்தான். நான் என்னென்னவோ பேச வேண்டும் என்று ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவன் ஆம்ப்ளிஃபயர் ஒயரை என் கையில் கொடுத்து, "இன்னும் ஷாக் அடிக்குது. பாத்து சொருகு" என்றான். அவ்வளவுதான். நானும் பார்த்துச் சொருகினேன்.

முதல் இரண்டு சரணமும் நீ கேட்டாய். குரல் மணல்தாள் மாதிரி ஆகியிருந்தது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு இம்மிகூட விலகாமல் நின்றது. பிறகு நடுப்பகுதி வந்தது. முதல் நாலு சுரம் தாண்டியதும் கை அசலுக்கு இழுத்தது. அவனைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றான், போட்டியன்று நின்ற அதே நிற்பு. அன்று நான் மேடையின் மறுகோடியில் இருந்தேன், அதைக் கோபம் என்று நினைத்தேன். இந்தத் தடவை கையெட்டும் தூரத்தில் இருந்தேன். கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தான். அன்றும் அப்படித்தான் எனக்காகக் காத்திருந்திருக்கிறான். கை தானாக வழிக்கு வந்துவிட்டது. மேலே போனேன், பேப்பர்காரர் சொன்ன மாதிரி அங்கே நின்றேன், இறங்கினேன்.

மூன்றாவது சரணத்துக்கு அவன் எடுக்க வேண்டும். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி என்னிடம் "இன்னொரு தடவை" என்றான். வாசித்தேன். "மறுபடி" என்றான். அதற்குள் ஹால் முழுக்க அதைப் பாட ஆரம்பித்துவிட்டது, முன்பே பேசி வைத்த ஏற்பாடு என்று நீங்கள் எல்லாரும் நினைத்திருப்பீர்கள். மூன்றாவது சரணத்தை அவன் பாடவே இல்லை. அப்படியே கையைத் தூக்கி முடித்துவிட்டான்.

தொண்டை கைவிட்டுவிட்டது என்று பயந்து, திரைக்குப் பின்னால் "முடியலயாடா?" என்று கேட்டேன்.

"முடியும். இன்னும் ஒரு சரணத்துக்குத் தெம்பு இருந்துச்சு" என்றான். "பாடறது நெறைய பாடிட்டேன். அன்னிக்குக் கேக்காம விட்டதைக் கேட்டுக்கணும்னு இருந்துச்சு."

நான் இவ்வளவு பெரிய பாடகனை என் வாழ்நாளில் பார்த்ததில்லை, வாலு. பாடாமல் நின்றதற்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை முடிந்ததும் உடனே எழுது. இங்கே இருவரும் அதே நினைவாக இருக்கிறோம்.

கம்பி


3 ஏப்ரல் 1994

கம்பி அண்ணாவுக்கு,

நல்லபடியாக முடிந்தது. தந்தி கிடைத்திருக்கும். முதல் நாலு நாள் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கழுத்தில் குழாய், அதைப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை. இவர் மட்டும் அசையாமல் கட்டிலின் பக்கத்தில் நின்றார். உங்கள் தூண் மருத்துவமனைக்கென்றே பிறந்தவர்.

முந்தாநாள் காலை அண்ணன் தெளிவாக விழித்திருந்தார். ஒரு நர்ஸ் வந்தாள், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், என் மகள் வயது. படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தாள். அண்ணனின் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மேலே போய், நின்று, இறங்கினாள், உங்கள் நடுப்பகுதி.

"இது எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா துணி மடிக்கிறப்ப பாடுவாங்க. முன்ன பின்ன என்ன பாட்டுன்னு அவங்களுக்கே தெரியாது, இந்த நடுவுல வர்றது மட்டும்தான் தெரியும். பழசும்மா. யாரு போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணன் கையை நீட்டினார். மேசைமேல் சிலேட்டு வைத்திருந்தோம், அதுவரை அதை அவர் தொடவே இல்லை. எனக்குக்கூட எதுவும் எழுதிக் காட்டியதில்லை. எழுதி அந்தப் பெண்ணுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும். என் நண்பன்."

அவள் நம்பவில்லை. வயசானவர் மயக்கமருந்தில் ஏதோ எழுதுகிறார் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது, கோபம் வந்தால் உடம்பு தேறிவருகிறது என்று அர்த்தமாம். அழித்துவிட்டு இரண்டாவதாக ஒன்று எழுதி, அதை உங்களுக்கு அனுப்பச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"கிட்டாரோட வா. இவ நம்ப மாட்டேங்கறா."

வால்